கழுத்தை இழுக்கும் கண்

ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் அச்சகத்தில் எனக்குத் தெரிந்த மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் வேலை பார்க்கிறார். வயது 52. கால்நூற்றாண்டு காலம் தாளில் சிவப்பு மையால் பிழை திருத்தியவர், சில வருடங்களாகத் திரையில் திருத்துகிறார். அந்தச் சில வருடங்களாகவே பிடரியில் வலி.

"தலகாணிய எடுத்துப் போட்டேன். நாற்காலிய மாத்தினேன். தைலம் ஒரு கூடை தீர்ந்திருக்கும் சார். ரெண்டு நாள் சும்மா இருக்கு, மூணாம் நாள் பழையபடி வந்துடுது" என்றார்.

அவர் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தொடக்கத்தில் முதுகை நிமிர்த்தித்தான் உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆவதற்குள் தாடை மெல்ல உயர்ந்தது. பிறகு முகம் முன்னால் நகர்ந்தது. கூட்டத்தில் முன்னே நிற்பவரின் தோளுக்கு மேலாகத் தேரைப் பார்க்க எக்குபவர் போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு, அப்படியே உறைந்து, வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். தான் அப்படி இருப்பது அவருக்கே தெரியவில்லை.

வலி கழுத்தில் இருந்தாலும் அதன் வேர் கண்ணில் இருந்தது. எழுத்து தெளிவாகத் தெரியும் இடம் எதுவோ, அங்கே தலையைக் கொண்டுபோய் நிறுத்திவிடும் உடம்பு. முதுகு, தோள், இடுப்பு எல்லாம் அதன் பின்னால் போகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாற்காலியும் இந்த இழுப்பைத் தடுக்காது. ஆகவே மானிட்டரைச் சரியாக வைப்பது என்பது நாற்காலியில் தொடங்க வேண்டிய காரியமல்ல. கண்ணில் தொடங்கி, திரைக்கு வந்து, கடைசியில்தான் நாற்காலிக்குப் போக வேண்டும்.

ஐம்பது செண்டிமீட்டர் வேலி

கண்ணுக்குள் இருக்கும் வில்லை ஒரு சுற்றுத் தசையின் பிடியில் தொங்குகிறது. தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது அந்தத் தசை ஓய்வாக இருக்கும். அருகில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் தசை சுருங்கி, வில்லை உப்ப வேண்டும். கூடவே இரண்டு கண்களும் மூக்குப் பக்கம் திரும்ப வேண்டும். 65 செ.மீ. தூரத்துத் திரையைப் பார்க்கையில் இரு கண்களின் பார்வைக் கோடுகளும் சுமார் ஐந்தரைப் பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. 40 செ.மீ. தூரத்துக்கு அது ஒன்பது பாகையாகிவிடும். அருகில் பார்ப்பது கண்ணுக்கு உழைப்பு. நாள் முழுக்க அருகில் பார்ப்பது நாள் முழுக்க உழைப்பு. மானிட்டரைக் கை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரத்தில், ஏறக்குறைய 50 முதல் 75 செ.மீ.க்குள், வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். வயதோடு வில்லை இறுகி, உப்பும் திறனை இழக்கிறது. இதைத்தான் நம் வீடுகளில் வெள்ளெழுத்து என்கிறோம். நம் மெய்ப்புத் திருத்துநரின் தூரப்பார்வையில் குறையில்லை. படிப்பதற்காக, மேல்பாதி வெறும் கண்ணாடியும் கீழ்ப்பாதி +2 பவரும் கொண்ட இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தார்.

வில்லையின் பவர் என்பது மீட்டரில் சொன்ன குவிய தூரத்தின் தலைகீழ் எண். +2 என்றால் ஒன்றின் கீழ் இரண்டு, அதாவது அரை மீட்டர். தூரப்பார்வை சரியாக உள்ள ஒருவர் +2 கண்ணாடி வழியே பார்த்தால் 50 செ.மீ.க்கு அப்பால் உள்ள எதுவும் கூர்மையாகத் தெரியாது. அந்த இடத்தில் ஒரு வேலி போட்டது போலத்தான். கையில் பிடித்த தாள் 40 செ.மீ.யில் இருக்கும், அது வேலிக்கு இந்தப் பக்கம். 65 செ.மீ. தள்ளி நிற்கும் மானிட்டரோ வேலிக்கு அந்தப் பக்கம். மேல்பாதி வழியாகப் பார்க்கலாம் என்றால், மீதியை உப்பி ஈடுகட்ட வேண்டிய வில்லையில் தெம்பில்லை. ஆக, கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தாடையை உயர்த்த வேண்டும். வேலிக்குள் திரையைக் கொண்டுவர முகத்தை ஒரு சாண் முன்னே தள்ள வேண்டும். அவர் செய்தது இரண்டையும்தான்.

தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. தலையில் குடம் வைத்து நடப்பவர் ஏன் அவ்வளவு நிமிர்ந்து நடக்கிறார்? பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கும்வரை அதை எலும்பு தாங்கிக்கொள்ளும். கொஞ்சம் முன்னே சரிந்தால் பிடரித் தசைகள் பின்னிருந்து கயிறு போல இழுத்துப் பிடிக்க வேண்டும். முகம் எவ்வளவு முன்னே போகிறதோ அவ்வளவுக்கு நெம்புகோலின் நீளம் கூடும், தசையின் பாடும் கூடும். இடைவேளையில்லாமல் எட்டு மணி நேரம் இழுத்துப் பிடித்த கயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

தீர்வு எளிது. 65 செ.மீ.க்கு வேண்டிய பவர் ஒன்றின் கீழ் 0.65, அதாவது சுமார் 1.5. திரைக்கு முன் மட்டும் போட்டுக்கொள்ள, முழு வட்டமும் அந்தப் பவரில் ஒரு கண்ணாடி போதும். கண் பரிசோதனைக்குப் போகும்போது வீட்டிலிருந்தே டேப்பால் அளந்து, "என் கண்ணுக்கும் திரைக்கும் இவ்வளவு தூரம்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால், பவர் புத்தகம் படிக்கும் தூரத்துக்குத்தான் எழுதப்படும்.

புள்ளி தெரிகிறதா?

வெள்ளெழுத்து வராத இளைஞர்களும் திரையை நோக்கிச் சாய்கிறார்கள். அவர்களை இழுப்பது எழுத்தின் அளவு.

1862இல் நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்னெல்லன் கண் பரிசோதனைப் பலகையை வடிவமைத்தார். நல்ல பார்வை என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல், எழுத்தின் நுணுக்கங்களை ஒரு கலை அளவில் பிரித்தறிவது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. 65 செ.மீ. தூரத்தில் ஒரு கலை என்பது 0.19 மி.மீ. பரவலாகப் புழங்கும் 24 அங்குல, 1920 × 1080 புள்ளிகள் கொண்ட மானிட்டரில் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.28 மி.மீ. அதாவது ஒன்றரைக் கலை. பார்வையின் எல்லைக்கு மிக அருகில்தான் நிற்கிறோம்.

இது தமிழ் படிப்பவரை ஆங்கிலம் படிப்பவரைவிட அதிகம் சோதிக்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கலங்கித் தெரிந்தாலும் சொல்லின் உருவத்தை வைத்து ஊகித்துவிடலாம். தமிழில் மெய்யையும் அகர உயிர்மெய்யையும் பிரிப்பது தலையில் உள்ள ஒரு புள்ளி மட்டுமே. சிறிய எழுத்தில் அந்தப் புள்ளிக்குத் திரை ஒதுக்குவது ஒன்றிரண்டு படப்புள்ளிகள்தாம். நூலுக்குரிய 10 பாயிண்ட் எழுத்தை நூறு சதவீத அளவில் திரையில் பார்த்தால் 'க'வின் உடல் 2 மி.மீ. தேறுவது கடினம், கண்ணில் அது பத்துக் கலை அளவே. சிரமமின்றித் தொடர்ந்து படிக்க ஏறக்குறைய இருபது கலை வேண்டும். எனவே மெய்ப்புப் பார்ப்பவர் பக்கத்தை இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்கே அதைத்தான் சொல்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் முதுகை நன்றாகச் சாய்த்து உட்காருங்கள். திரையில் 'க்', 'க', 'ன்', 'ன' என்று வரிசையாக அடியுங்கள். சாய்ந்த முதுகு சாய்ந்தபடி இருக்க, புள்ளி உள்ளதும் இல்லாததும் பளிச்சென்று பிரிந்து தெரியும்வரை எழுத்தைப் பெரிதாக்குங்கள். அதுவே உங்கள் அளவு. இன்னும் நுண்மையான திரை வாங்க வசதியிருந்தால், 27 அங்குலத்தில் 3840 × 2160 புள்ளிகள் கொண்டதில் ஒரு படப்புள்ளி 0.16 மி.மீ. தான், அதாவது ஒரு கலைக்கும் கீழே. எழுத்தின் விளிம்பு தாளில் அச்சிட்டது போலவே இருக்கும். ஆனால் அதிலும் எழுத்தைப் பெரிதாக்க மறந்தால், கூர்மையான எறும்புகளைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

எவ்வளவு உயரம்?

நேரே பார்ப்பதைவிடச் சற்றுக் கீழே பார்ப்பது கண்களுக்கு இயல்பு. கீழே பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்புவது எளிதாகிறது. மேலிமை தாழ்ந்து கண்ணின் திறந்த பரப்பு குறைவதால் கண்ணீரும் மெதுவாகவே உலர்கிறது. கிடைமட்டத்துக்கு 15 பாகை கீழே திரையின் நடுப்பகுதி அமைந்தால் நல்லது.

65 செ.மீ. தூரத்தில் 15 பாகை என்பது 17 செ.மீ. இறக்கம். 24 அங்குலத் திரையின் உயரம் 30 செ.மீ., அதில் பாதி 15. ஆக, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு இரண்டு செ.மீ. கீழே வரும். 'மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும்' என்று எல்லாரும் சொல்லும் விதி இந்தக் கணக்கிலிருந்து கிடைப்பதுதான். 32 அங்குலத் திரைக்கு உயரம் 40 செ.மீ. அதே தூரத்தில் வைத்தால் மேல்விளிம்பு கண்ணுக்கு மேலே போய்விடும், 80 செ.மீ.க்குத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். பெரிய திரை வாங்குபவர் ஆழமான மேசையும் வாங்க வேண்டியிருக்கிறது.

திரையின் முகம் உங்கள் முகத்துக்கு நேராக இருக்கும்படி மேல்விளிம்பைக் கொஞ்சம் பின்னே சாய்த்துக்கொள்ளுங்கள். சாமி படத்தைச் சுவரில் மாட்டும்போது மேல்விளிம்பை முன்சாய்த்து மாட்டுவோமே, அதற்கு நேர் எதிர். இரட்டைக் கண்ணாடி அணிந்தவர்கள் வேறு கண்ணாடி கிடைக்கும்வரை திரையை இன்னும் தாழ்த்தி வைக்கலாம்.

மடிக்கணினிக்கு இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவராது. திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. திரையைக் கண்ணுக்கு ஏற்றினால் கை அந்தரத்தில் தொங்கும். கைக்கு இறக்கினால் கழுத்து குனியும். நெடுநேர வேலைக்கு அதைப் பலகைமேல் ஏற்றி, தனி விசைப்பலகையும் மவுசும் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெறித்துப் பார்க்கும் விளக்கு

1888இல் பிராகில் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொழுப்புச் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கிய திரவமானது, 178.5 டிகிரியில் இன்னொரு முறை உருகியது போலத் தெளிந்தது. இரண்டு உருகுநிலை கொண்ட அந்த விந்தைப் பொருள்தான் திரவப் படிகம். இன்றைய பெரும்பாலான மானிட்டர்களுக்குள் இருப்பது அதன் உறவினர்கள். திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருக்கும் எல்இடி விளக்கின் ஒளியைத் திறந்து மூடும் லட்சக்கணக்கான கதவுகளாக அது வேலை செய்கிறது. எனவே மானிட்டரைப் பார்ப்பது என்றால் விளக்கைப் பார்ப்பது என்றே பொருள்.

தாளுக்கும் திரைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இது. அறை இருண்டால் தாளும் இருளும். அறை வெளுத்தால் தாளும் வெளுக்கும். மானிட்டருக்கோ அறையைப் பற்றிய கவலையே இல்லை. 300 லக்ஸ் வெளிச்சமுள்ள அறையில் வெள்ளைத் தாளின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சுமார் 75 கேண்டெலா. கடையிலிருந்து வந்த மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்தால் 250 அல்லது அதற்கும் மேல். தாளைவிட மும்மடங்கு பளிச்சிடும் ஒன்றை எட்டு மணி நேரம் பார்த்துவிட்டுக் கண் எரிகிறது என்கிறோம்.

அளக்கக் கருவி வேண்டாம். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்குப் போல எரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். அழுக்கேறியது போலத் தெரிந்தால் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். இரவில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் திரையை மட்டும் பார்க்க வேண்டாம். திரைக்குப் பின்னுள்ள சுவரில் மங்கலான ஒரு விளக்கு எரிந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

அடுத்து, எங்கிருந்து வரும் ஒளி இடைஞ்சல் செய்கிறது என்று பார்க்க வேண்டும். மானிட்டரை அணைத்துவிட்டு வழக்கமான இடத்தில் உட்காருங்கள். அணைந்த திரை ஒரு கருங்கண்ணாடி. அதில் ஜன்னல் தெரிந்தால், விளக்கு தெரிந்தால், உங்கள் வெள்ளைச் சட்டை தெரிந்தால், வேலை நேரத்திலும் அவை அங்கேதான் இருக்கின்றன. எழுத்தின்மேல் படிந்து அதை வெளிறச் செய்கின்றன. திரைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கண் கூசும். உங்களுக்குப் பின்னால் இருந்தால் திரை கூசும். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதே இரண்டுக்கும் நடுவழி.

வெளிச்சத்தைக் குறைத்த பிறகும் தலை வலிக்கிறது என்பவர்கள் இன்னொன்றைச் சோதிக்கலாம். சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைப்பதே, விளக்கை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றித்தான். வெளிச்சத்தைக் குறைத்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக விசிறியடியுங்கள். மங்கலான ஒரே தடமாகத் தெரிந்தால் விளக்கு நிலையாக எரிகிறது. விசிறி மடிப்புகள் போலத் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் துடிக்கிறது. இந்தத் துடிப்பு எல்லாரையும் படுத்துவதில்லை. படுத்தும் என்பவர்கள் மானிட்டரின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, கணினியின் அமைப்பில் குறைத்துக்கொள்ளலாம்.

நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்ற பயத்தில் பலர் தனிக் கண்ணாடி வாங்குகிறார்கள். பகல் வானம் தரும் நீலத்தோடு ஒப்பிட்டால் திரை தருவது அற்பம். 2023இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அத்தகைய கண்ணாடிகள் திரையால் வரும் கண்சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு சொன்னது. ஆனால் நள்ளிரவில் பளிச்சிடும் திரை தூக்கத்தைத் தள்ளிப்போடக்கூடும். விழித்திரையில் உள்ள சில செல்கள் நீல ஒளியை உணர்ந்து மூளைக்கு 'இன்னும் பகல்' என்று சேதி அனுப்புகின்றன. அதற்கு மருந்து, திரையை அணைத்துவிட்டுப் படுப்பது.

இமையும் மின்விசிறியும்

கருவிழியின் மேல் கண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. கண்ணுக்குள் நுழையும் ஒளி முதலில் வளைவது அதில்தான். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அந்தப் படலம் புதிதாக மெழுகப்படுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் இமைக்கிறோம். திரையில் ஆழ்ந்துவிட்டால் அது பாதிக்கும் கீழே போகும், இமைப்பதும் அரைகுறையாகிவிடும். படலம் ஆங்காங்கே கிழிகிறது, எழுத்து கலங்குகிறது, மணல் விழுந்தது போல் உறுத்துகிறது.

நம் ஊரில் இதைத் தீவிரமாக்குவது தலைக்கு நேர் மேலே சுழலும் மின்விசிறி. ஏசி இருந்தால் முகத்தில் அறையும் குளிர்காற்று. ஈரத்துணி எந்தக் காற்றில் சீக்கிரம் காயுமோ, அதே காற்றில்தான் கண்ணும் காய்கிறது. மேசையை விசிறிக்கு நேர் கீழிருந்து இரண்டடி நகர்த்துவது, சொட்டு மருந்துக்கு முன் செய்து பார்க்க வேண்டிய வைத்தியம்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருப்பதை, இருபது விநாடி பாருங்கள் என்பது கண் மருத்துவர்கள் சொல்லும் விதி. இருபது அடி என்பது ஆறு மீட்டர். அந்தத் தூரத்துக்குக் கண்ணின் தசை ஏறக்குறைய முழு ஓய்வில் இருக்கும். அச்சகத்தில் ஆறு மீட்டர் எங்கே போவது என்கிறீர்களா? ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியில் காயும் துணியை எண்ணலாம்.

தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலியர் பெர்னார்தினோ ராமத்சினி, 1713இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணம் எழுதினார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை எப்போதும் ஒரே விதமாக அசைப்பது, பிழை வந்துவிடக் கூடாதே என்று மனத்தை இறுக்குவது. திரை வருவதற்கு முன்பே எழுதப்பட்ட நோய்க்குறிப்பு இது. ஆகவே எவ்வளவு கச்சிதமாக மானிட்டரை வைத்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருப்பதற்கு அது ஈடாகாது.

கஞ்சி போட்ட வேட்டி ஆகாது

திரையின் மேல் விரல் ரேகையும் தூசியும் படிந்தால் எழுத்து கலங்கும். கலங்கினால் கண் உழைக்கும். பிறகு கழுத்து நகரும். துடைப்பதும் அந்த வகையில் உடல்நலம் சார்ந்ததே.

பளபளப்பில்லாத மானிட்டர்களின் மேல்பரப்பு பெரும்பாலும் கண்ணாடி அல்ல, மென்மையான பிளாஸ்டிக் படலம். அதன்மேல் கண்கூச்சத்தைத் தடுக்கும் நுண்ணிய சொரசொரப்பு இருக்கும். செய்தித்தாள், டிஷ்யூ, கஞ்சி போட்ட பழைய வேட்டி எதுவும் ஆகாது. ஜன்னல் துடைக்கும் அம்மோனியா திரவம் மேல்பூச்சைத் தின்றுவிடும். அணைத்து, ஆறவிட்டு, மென்தூரிகையால் தூசியை முதலில் தட்டுங்கள். தூசியோடு தேய்த்தால் உப்புத்தாள் போடுவதற்குச் சமம். பிறகு மூக்குக்கண்ணாடியோடு தரும் மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். கறை போகாவிட்டால் துணியில் மட்டும் சில சொட்டுத் தண்ணீர். திரையில் நேரே தெளித்தால் நீர் கீழ்விளிம்பு வழியே இறங்கி உள்ளே போகும். போர் தண்ணீர் உப்புத்தடம் விடும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் நல்லது.

ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைக்காமல் விட மனம் வராது. திரையில் வேண்டாம், நிறுத்தியின் காலில் வையுங்கள். மழைக்காலத்தில் பொடிப்பூச்சி சில நேரம் திரையின் அடுக்குக்குள் புகுந்து ஊரும். அதை விரலால் நசுக்கினால் அங்கேயே செத்து நிரந்தரக் கரும்புள்ளியாகிவிடும். மானிட்டரை அணைத்து, பக்கத்தில் வேறு விளக்கை ஏற்றி வைத்தால் வெளியே வர வாய்ப்புண்டு. இடி மின்னலின்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள்.

மெய்ப்புத் திருத்துநரிடம் திரும்புவோம். அவருடைய மானிட்டர் இரண்டு ரீம் தாளின்மேல் உட்கார்ந்திருந்தது. கழுத்து வலிக்குத் திரையை உயர்த்த வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவர் அவருடைய கண்ணாடியைக் கவனிக்கவில்லை. உயர்த்திய திரையைக் கீழ்ப்பாதிக் கண்ணாடி வழியே பார்க்க அவர் இன்னும் அண்ணாந்திருக்கிறார். டேப் எடுத்து அளந்தோம்: 66 செ.மீ. அடுத்த வாரம் 1.5 பவரில் கண்ணாடி வாங்கினார். பக்கத்தை இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினார். மேசையை விசிறியிலிருந்து கொஞ்சம் நகர்த்தினோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே, விடுபட்ட புள்ளி ஒன்றைத் திரையில் சுட்டிக் காட்டினார். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் தைலம் வாங்குவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். மானிட்டர் மேசைமேல் தாழ்வாக நின்றது. அந்த இரண்டு ரீம் தாளையும் அச்சடிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.